உழக்கு நெய்யும் நான்கு எல்லையும்

(வாசகர் கேள்வி – பதில்)

சரித்திரக் கதை எழுதுவது எப்படி என்று கேட்டு இரண்டு மாதமாகக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் போட உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கு மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. சோழர் காலத்தில் நடக்கும் நாவல் ஒன்று எழுத ஆசை. மூன்று வருடமாகப் படிக்கிறேன். ஏழு நோட்டுக் குறிப்பு சேர்ந்துவிட்டது. முதல் வரிதான் வரமாட்டேன் என்கிறது. இன்னும் எவ்வளவு படிக்க வேண்டும் ஐயா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

டீச்சர், ஏழாவது நோட்டை மூடுங்கள். எட்டாவது வாங்காதீர்கள்.

நான் கும்பகோணத்தில் 35 வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம். கல்வெட்டு படிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அச்சில் ஒரு கல்வெட்டை முதன்முதலாகப் பார்த்தபோது, ‘அட, இது நம்ம சரக்கு அல்லவா’ என்றுதான் பட்டது. கிழக்கெல்லை இன்னார் நிலத்துக்கு மேற்கு, தெற்கெல்லை வாய்க்காலுக்கு வடக்கு என்று நான்கு எல்லையும் சுத்தமாக இருக்கிறது. நிலத்தோடு சேர்ந்து போகும் புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாவற்றையும் நாங்கள் ‘நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்’ என்று கடகடவென்று ஒப்பிப்பதை அவர்கள் ‘மேனோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்’ என்று எழுதியிருக்கிறார்கள். (அவர்களுடையதுதான் அழகு. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.) விற்றவர், வாங்கியவர், சாட்சி, கடைசியில் ‘இப்படிக்கு இவை என் எழுத்து’ என்று எழுதினவன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய என் தொழில்காரன்.

பத்திரம் எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். சும்மா யாரும் அவன் திண்ணைக்கு வருவதில்லை. கல்யாணக் கடன், பங்காளிச் சண்டை, ஒரு சாவு, இப்படி எதுவோ ஒன்று பின்னால் இருக்கும். அது பத்திரத்தில் வராது. ‘என் குடும்பச் செலவு நிமித்தம்’ என்று ஒரு வரியில் போய்விடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதுதான் உங்கள் நாவல்.

ஒன்றை எடுத்துக்காட்டுகிறேன். வேட்டைக்குப் போன இடத்தில் குறி தவறி அம்பு ஆள்மேல் பட்டு, அவன் செத்துப்போகிறான். இந்த மாதிரிக் கல்வெட்டு ஒன்றல்ல, பல ஊர்களில் இருக்கிறது. நாட்டார், அதாவது அந்தப் பகுதிப் பெரியவர்கள், கூடிப் பேசுகிறார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, அதனால் உயிருக்கு உயிர் வேண்டாம், செத்தவன் பேரில் கோயிலில் விளக்கு வைக்கட்டும் என்று முடிகிறது. கல்வெட்டு இத்தோடு சரி. மற்றதெல்லாம் நம்முடைய வேலை.

விளக்கு வைப்பது என்றால் அகல் வாங்கி ஏற்றிவிட்டு வருவதல்ல. சோழர் காலக் கணக்குப்படி ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது இரவு பகல் அணையாத விளக்குக்கு, 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் பசுவானால் 48, எருமையானால் 16. அந்த ஆட்டை ஒரு மன்றாடியிடம் விடுவார்கள். மன்றாடி என்றால் இடையர். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலில் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி. 96 நாழி ஒரு கலம். வருடத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழிக்குக் கொஞ்சம் மேல், ஒரு கலத்துக்கு ஐந்து நாழி குறைவு. இது ஒரு வருடக் கணக்கு. கல்வெட்டோ சந்திராதித்தர் உள்ளவரை, அதாவது சந்திரனும் சூரியனும் இருக்கும்வரை என்கிறது!

அந்த ஆட்டுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாது, கிழடாகாது. கிழடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும், கணக்கில் 96 அப்படியே நிற்கும். காகிதத்தில் நிற்கும், சரி. மழைக்காலத்தில் மந்தையில் நோய் விழுந்து முப்பது ஆடு போனால்? நெய் மட்டும் அதே உழக்குதான். நேற்றுவரை அந்தக் கொலையில் எந்தச் சம்பந்தமும் இல்லாத மன்றாடி இப்போது அதில் மாட்டிக்கொண்டுவிட்டார். அப்புறம் செத்தவன் பெண்டாட்டி. அவள் தினமும் அந்த விளக்கைப் பார்க்கிறாள். தன் புருஷன் பேரில் எரிகிற விளக்கு, ஆனால் ஏற்றியது அவனைக் கொன்றவன் காசு. அவள் அதைக் கும்பிடுவாளா? அம்பு எய்தவன் அதே ஊரில், அதே குளத்தில் குளிக்கிறான். எதிரே வந்தால் யார் ஒதுங்குவது?

பார்த்தீர்களா, நான்கு பேர் ஆகிவிட்டார்கள். ராஜா எங்கே என்று கேட்பீர்கள். கல்வெட்டின் தொடக்கத்தில் அவர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் இருக்கிறார், அங்கேயே இருக்கட்டும்.

நாளைக்கே அவள் விளக்கைப் பார்க்கும் காட்சியை எழுதுங்கள். நெய் எதில் கொண்டுவந்தார்கள் என்று கை நிற்கும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். காட்சி முடிந்த பிறகு ஏழு நோட்டையும் பிரித்து அந்தக் கோட்டுக்கு மட்டும் பதில் தேடுங்கள்.

கல்வெட்டு படிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பழைய எழுத்து தெரியாது. மென்பொருள் வேலை, சனி ஞாயிறுதான் நேரம். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, பழைய எழுத்து தெரியவே வேண்டாம். மத்திய தொல்லியல் துறை ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்று தொகுதி தொகுதியாகப் போட்டிருக்கிறது. முதல் தொகுதி வந்தது 1890இல். இரண்டாம் தொகுதி பெரும்பாலும் தஞ்சைப் பெரிய கோயில். பாடம் இன்றைய தமிழ் அச்செழுத்தில் இருக்கும். ஆரம்பத் தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழக அரசின் தொல்லியல் துறையும் மாவட்டவாரியாக வெளியிட்டிருக்கிறது; உங்கள் ஊர்க் கோயில் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரியாத சொல்லுக்கு எ. சுப்பராயலு தொகுத்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி, இரண்டு தொகுதி. என்னிடம் இருக்கும் பிரதிக்கு அட்டை போய், மாட்டுப் பொங்கல் துணியில் கட்டி வைத்திருக்கிறேன்.

படிக்கும்போது தலை சுற்றும் இடம் ஒன்று உண்டு. நம் மாதிரி வருடம் போடமாட்டார்கள். ‘ராஜராஜ தேவர்க்கு யாண்டு இத்தனையாவது’ என்று ஆட்சியாண்டுதான். அதிலும் சோழர்கள் ஒருவர் விட்டு ஒருவர் பரகேசரி, ராஜகேசரி என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். வெறும் ‘கோப்பரகேசரிக்கு யாண்டு ஐந்தாவது’ என்றிருந்தால் எந்தப் பரகேசரி என்று அறிஞர்களே சண்டை போடுவார்கள். ‘மதிரை கொண்ட’ என்று முன்னால் இருந்தால் முதலாம் பராந்தகன். ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் ராஜேந்திரன். பத்து முதல் வரிகளை மனப்பாடம் செய்தால் போதும், கோயில் சுவர் முன் நின்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

சுவரைப் பார்க்கப் போனால் காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். கையில் டார்ச் இருந்தால் பக்கவாட்டில் பிடியுங்கள். விபூதி, சுண்ணாம்பு எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது. கல்லில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அரை மணி நேரம் முழிப்பீர்கள்.

பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும்? ‘தேவி, என் இதயம் உன்னையே நாடுகிறது’ என்று எழுதினால் என் மகள் சிரிக்கிறாள்.
– ஒரு வாசகர், திருச்சி

மகள் சிரித்தது நியாயம்தான். ராஜராஜனே அப்படிப் பேசவில்லையே. பெரிய கோயிலில் அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. தான் எடுத்த கோயிலை ‘நாம் எடுப்பிச்ச’ என்கிறான், ‘எடுப்பித்த’ என்றல்ல. நாம் ‘குடுத்தனவும்’, நம் ‘அக்கன்’ குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று உத்தரவு. கொடுத்த அல்ல, குடுத்த! பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி இல்லை? இந்த வரியை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆயிரம் வருடம் தாண்டி ஒரு மனிதன் வாய் திறந்து பேசினது போல இருந்தது.

நான் செய்வது இதுதான்: வாக்கியத்தைச் சின்னதாக வைப்பேன். கதை சொல்லும் பகுதியில் எழுத்துத் தமிழ். பேச்சில் ‘குடுத்தான்’, ‘எடுப்பிச்சான்’ என்று இரண்டொரு சொல் மட்டும். வட்டாரப் பேச்சை முழுசாக இறக்கினால் பாத்திரம் நேற்று பஸ்ஸில் வந்தவன் மாதிரி ஆகிவிடும். அதைவிட முக்கியம், பின்னால் வந்த சொல்லை வடிகட்டுவது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தவை. பாக்கி, வசூல், ரத்து, ஆஜர் ஆகியவை பாரசீகம், அரபு வழி வந்தவை. 35 வருடம் நான் எழுதின பத்திரத் தமிழில் பாதி இந்த ரகம்தான். அதனால் என் கதையின் முதல் பிரதியில் சோழ நாட்டு நெல் வரி ‘வசூல்’ ஆகிக்கொண்டிருக்கும். இரண்டாம் பிரதியில் பென்சிலோடு உட்கார்ந்து களை எடுப்பேன்.

உங்கள் முதல் நாவலில் ஏதோ பெரிய பிழை என்று ஒரு கூட்டத்தில் சொன்னீர்களாம். என்ன அது?
– ஒரு வாசகி, சேலம்

ஒரு வார இதழில் தொடராக வந்த கதை. ராஜேந்திர சோழன் காலம். ஆடு மேய்க்கிற சிறுவன் மதியத்தில் பசி தாங்காமல் கொடுக்காப்புளி பறித்துத் தின்கிறான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கும்வரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். குழம்பில் மிளகு போட்டு ஜாக்கிரதையாகத்தான் எழுதினேன். கொடுக்காப்புளி எங்கள் வாய்க்கால் வரப்பில் சின்ன வயசிலிருந்து நின்ற மரம். அதுவும் மெக்சிகோ பக்கத்து மரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாவரவியல் படித்த ஒருவர் அஞ்சலட்டையில் இரண்டே வரி எழுதியிருந்தார்: ‘பையனுக்கு நாவல்பழம் கொடுங்கள். கொடுக்காப்புளி வர இன்னும் ஐந்நூறு வருடம் ஆகும்.’

அதே தொடரில் நாயகி துலுக்கச் சாமந்தி சூடியிருந்தாள். அதுவும் மெக்சிகோ. பெயரே ‘நான் வெளியூர்’ என்று சொல்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை. சீமை, துலுக்க, பறங்கி என்று பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்தால் அந்தச் செடியைச் சந்தேகப்படுங்கள். பறங்கிக்காய், சீமைக் கருவேலம் இரண்டும் இந்த வகை. வேர்க்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகியவற்றில் பெயர் காட்டிக்கொடுக்காது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

(ஓவியர் நாயகிக்குப் பஃப் கை ரவிக்கை மாட்டிவிட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.)

உண்மையான மனிதர்களை வைத்து எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்? யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், நெய்வேலி

கோபிப்பவர்கள் கோபிப்பார்கள், அதை விடுங்கள். நான் வைத்திருக்கும் அளவுகோலைச் சொல்கிறேன். கல் பேசுகிற இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. கல் மௌனமாகும் இடத்தில் பேசுவேன்.

உங்கள் ஊரிலிருந்து காட்டுமன்னார்கோயில் கிட்டத்தானே, ஒருநாள் போய் வாருங்கள். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்கள் பெயர் வருகிறது. ஆனால் அது கொலை வழக்குத் தீர்ப்பு இல்லை. அடிப்படையில் நிலப் பத்திரம்! துரோகிகளிடமிருந்தும் அவர்கள் உறவுக்காரர்களிடமிருந்தும் பறித்த நிலம் கைமாறுகிறது. அந்த நிலம் எப்படி வந்தது என்று மூலப்பத்திர விவரம் சொல்லும்போது, போகிற போக்கில் ஒரு பட்டத்து இளவரசன் கொலை. எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பதுதான்.

ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று கல் சொல்லவில்லை. கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடரைத் தொடங்கியபோது அந்த மௌனத்தில்தான் நந்தினி என்று கல்வெட்டில் இல்லாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வைத்தார். வந்தியத்தேவனோ கல்வெட்டில் உண்டு. ஆனால் எப்படி? குந்தவை கொடுத்த தானத்தைச் சொல்லும்போது, ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று மனைவிக்கு அடைமொழியாக வருகிறான். குதிரை, குறும்பு, வாய்த்துடுக்கு எல்லாம் ஆசிரியர் கொடுத்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகலாம் என்றால் உங்களுக்கு என்ன பயம்? ரவிதாசன் அந்தக் கொலையில் சம்பந்தமே இல்லாதவன் என்று எழுதப் போகிறீர்களானால் மட்டும், கல்வெட்டு ஏன் அப்படிச் சொல்லிற்று என்பதற்கும் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வையுங்கள்.

சோழர், பாண்டியர் இல்லாமல் எழுதினால் சரித்திர நாவல் என்று ஏற்பார்களா? எனக்கு எங்கள் ஊரைப் பற்றி எழுத ஆசை.
– ஒரு வாசகி, புதுச்சேரி

உங்கள் ஊர்க்காரர்களுக்கு யோகம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கப்பல் வந்தது, துணி வியாபாரம், யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள், துய்ப்ளே பெண்சாதி என்ன செய்தாள் என்று ஒன்றையும் விடவில்லை. நாழிகைக் கணக்கோடு எழுதுவார். அச்சாகும் என்று நினைத்து எழுதியதில்லை. அதனால் பொருமலும் தற்பெருமையும் அப்படியே இருக்கும். சோழர் காலத்துக்கு எழுதுகிற நாங்கள் ஒரு ‘குடுத்தன’வுக்கு ஏங்குகிறோம், உங்களுக்கு 25 வருடப் பேச்சு கிடைக்கிறது.

ஆனால் ஆபத்தும் அதுதான். பிள்ளை எல்லாவற்றையும் தன் பக்கமிருந்தே சொல்கிறார். அவர் வீட்டில் தண்ணீர் எடுத்தவளும் பல்லக்குத் தூக்கினவர்களும் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தது. 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் பிள்ளை கண்ணை மூடிவிட்டார். அந்த நான்கு நாளை அவர் எழுதவில்லை. வீட்டில் யாரோ ஒருத்தி பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள் அல்லவா? பிள்ளையின் வீடு இன்றும் உங்கள் ஊரில் நிற்கிறது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

போர்க் காட்சி எழுதுவது எப்படி?
– ஒரு வாசகர், மதுரை

எனக்குத் தெரியாது. நான் எழுதினதெல்லாம் சொத்துத் தகராறுதான்.

என் நாவலின் முதல் மூன்று பக்கம் அனுப்பியிருக்கிறேன். தயவு பாராமல் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

சரி, சொல்கிறேன். உங்கள் முதல் பத்தி: ‘கி.பி. 1025. சோழப் பேரரசின் புகழ் விண்ணை முட்டிக்கொண்டிருந்த காலம். மார்கழி மாதக் குளிரில் நாகப்பட்டினத் துறையில் கடாரம் நோக்கிக் கப்பல்கள் அணிவகுத்து நின்றன.’

1025 என்று சொல்வது யார்? அந்தத் துறையில் நிற்கிற ஒருவருக்கும் அந்த எண் தெரியாது. புகழ் விண்ணை முட்டுவதும் கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அவனுக்குக் கழுத்து வலிதான் தெரியும். அப்புறம் மார்கழி. அந்த மாதத்தில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். பாய் விரித்தால் கப்பல் கடாரம் போகாது, கரையில் வந்து மோதும். கிழக்கே போகத் தென்மேற்குக் காற்று வேண்டும், வாடையில் திரும்பி வரலாம். இதை உங்கள் ஊர் மீனவர் யாரையாவது கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். கடற்கரையில் குடியிருந்துகொண்டு இது என்ன சோம்பல்?

இரண்டாம் பக்கத்தில் கப்பலுக்குத் தண்ணீர்ச் சால் நிரப்புகிறவன் ஒருவன் வருகிறான். ‘எத்தனை நாளைக்கு நிரப்ப?’ என்று கேட்கிறான். பதில் சொல்ல ஆளில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அடுத்த வரியிலேயே நீங்கள் அவனை விட்டுவிட்டு அரண்மனைக்கு ஓடிவிட்டீர்கள்.

அவனை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மார்கழியை ஆனி ஆக்குங்கள். மறுபடி அனுப்பும்போது எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது.